மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் போய்க் கப்பலைத் தவறவிட்ட கதை

போன மார்கழி லீவில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். நான்கு இரவு. சிங்கப்பூர், மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட், மறுபடி சிங்கப்பூர். அந்தக் கப்பலில் நான் கால் வைக்கவே இல்லை. துறைமுகக் கட்டடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு நின்று அது நகர்ந்து போவதைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து 340,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. மட்டக்களப்பில் எங்கள் ஊரான கல்லடியில் எனக்குத் தெரிந்து கப்பல் பயணம் போனவர்கள் யாரும் இல்லை. கேட்க ஆளில்லாமல் இணையத்தில் தேடித் தேடி நானே எல்லாம் செய்தேன். நான்கு விஷயத்தை யாராவது முதலே சொல்லியிருந்தால் இந்தக் காசும் போயிராது, அந்த அழுகையும் வந்திராது. இங்கிருந்து போகிறவர்களுக்காக நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நான் பாடசாலை ஆசிரியை. லீவு நாள் என்றாலும் நாட்டைவிட்டு வெளியே போக முன்அனுமதி எடுக்க வேண்டும். அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் கப்பலுக்குக் காசு கட்ட முதல் அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடித் திரிய முடியாது. கப்பல் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நள்ளிரவு தாண்டி 12.50க்கு நேரடி விமானம் ஒன்று இருந்தது. சிங்கப்பூருக்குப் பறக்க ஏறத்தாழ 4 மணித்தியாலம், அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. ஆகவே காலை 7.20 வாக்கில் இறங்கலாம், கப்பலுக்கு ஒன்பதரை மணித்தியாலம் இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் முதலே போய் ஹோட்டலில் தங்குவதென்றால் 135 சிங்கப்பூர் டொலர். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று முடிவெடுத்தேன். அம்மா மட்டும் "ஒருநாள் முந்திப் போனா என்ன புள்ள, மறுகா கிடந்து அவதிப்படாம" என்று இரண்டு தரம் சொன்னா. நான் காதில் போடவில்லை.

இந்த 12.50 விமானத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் 14ஆம் திகதி, 00.50 என்று இருந்தால் அது 13ஆம் திகதி இரவு. 14ஆம் திகதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவு விமானம் என்றால் கலண்டரில் முதல்நாளை வட்டமிட்டு "இரவு 9 மணிக்கு எயார்போட்டில்" என்று எழுதி வையுங்கள். கவுண்டர் மூன்று மணித்தியாலத்துக்கு முதல் திறக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு முதல் மூடிவிடும்.

ஊரிலிருந்து கட்டுநாயக்கா போகும் பகுதியை நான் சரியாகச் செய்தேன். வியாழன் இரவு பஸ். வெள்ளி முழு நாளும் கொழும்பில் கையிருப்பு. அந்த வாரம் நல்ல மழை. மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதிக்கு மேலால் போகிறது என்று பஸ்ஸை செங்கலடியில் கிறுக்கி, பதுளை வீதியால் மகாஓயா, பதியதலாவை, மகியங்கனை என்று சுற்றி, 18 வளைவு மலைப்பாதை ஏறிக் கண்டியால் கொண்டுபோனார்கள். விடிய 5 மணிக்குப் போகவேண்டிய பஸ் பகல் 11 மணிக்குத்தான் கொழும்புக் கோட்டைக்குப் போனது. ஒரு நாள் இடைவெளி விட்டிருந்ததால் பயப்படவில்லை. ரயிலில் போகிறவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். கல்ஓயாவுக்கும் மின்னேரியாவுக்கும் இடைப்பட்ட காட்டில் யானைக்காக ரயில் மெதுவாக்கப்படும், சில நாளில் நின்றே விடும். 2025 பெப்ரவரியில் அந்தப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் செத்து, ரயிலும் தடம்புரண்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். கார்த்திகை முதல் தை வரை மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ போவதாக இருந்தால், விமானத்துக்கு ஒரு நாள் முதலே கொழும்பிலோ நீர்கொழும்பிலோ இருங்கள். வான் பிடித்துப் போகிறவர்கள் அபரணை, தம்புள்ளை, குருநாகல் வந்து அங்கிருந்து நாரம்மலை, கிரியுல்லை, மினுவாங்கொடையால் கட்டுநாயக்காவுக்குப் போகலாம். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கோட்டையிலிருந்து 187 பஸ் இருக்கிறது.

நான் இப்போது நினைத்து நினைத்து வருந்துவது இதைத்தான். எங்களுடைய வீதி எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால் அதற்கு ஒரு நாள் விட்டேன். விமானம் எப்படி என்று தெரியாது, அது மணிக்கூடு மாதிரி ஓடும் என்று நம்பி அதற்கு ஒன்றும் விடவில்லை. வெள்ளி இரவு 10 மணிக்கு உள்ளே போய் இருந்தேன். 12.50 என்று காட்டிய பலகை 2.30 என்று மாறியது. மறுகா 4.15. மறுகா நேரமே போடாமல் "தாமதம்" என்று மட்டும் காட்டியது. விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். காலை 8.20க்குத்தான் கிளம்பியது. அங்கே இருந்தபோது என் மனம் போட்ட கணக்கு இதுதான்: 8.20க்கு ஏறினால் 12.20க்கு இறங்கலாம், கப்பல் 5 மணிக்கு, நாலரை மணித்தியாலம் இருக்கு, காணும். ஏறி இருந்த பிறகு பக்கத்து இருக்கையில் இருந்தவர் தன் கைக்கடிகாரத்தை முன்னுக்குத் திருப்பினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நெஞ்சு பக்கென்றது. அங்கே அது பிற்பகல் 2.50. என் கையில் இருந்தது நாலரை மணித்தியாலம் இல்லை, இரண்டு மணித்தியாலம் சொச்சம்.

அதுவும் பொய்க்கணக்கு. கப்பல் 5 மணிக்கு என்றால் 5 மணிக்கு ஏறலாம் என்று அர்த்தமில்லை. பதிவு மேசையைப் பெரும்பாலான கம்பனிகள் புறப்படும் நேரத்துக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடிவிடும். பயணிகளின் முழுப் பெயர்ப்பட்டியலை கப்பல் கயிறு அவிழ்க்க முதல் குடிவரவுக்குக் கொடுத்து முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு ஒருவரையும் சேர்க்க முடியாது. என்னுடைய கப்பலுக்கு 3.30. அந்த நேரம் நான் சாங்கி விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உங்கள் பற்றுச்சீட்டில் புறப்படும் நேரம் பெரிய எழுத்திலும், பதிவு மூடும் நேரம் உள்ளே எங்கோ சிறிய எழுத்திலும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைத்தான் உங்கள் நேரமாக எடுக்க வேண்டும்.

அடுத்த பிழை டாக்ஸியில். என்னிடம் சிங்கப்பூர் சிம் இல்லை, விமான நிலைய வைஃபையை விட்டு வெளியே வந்ததும் போன் செத்த மாதிரி. பற்றுச்சீட்டு போனுக்குள் மின்னஞ்சலில் கிடக்கிறது, திறக்காது. "சிங்கப்பூர் குரூஸ் சென்டர்" என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் சரியாகத்தான் கொண்டுபோய் இறக்கினார். சிங்கப்பூர் குரூஸ் சென்டர் என்ற பெயரில் உண்மையாகவே ஓர் இடம் இருக்கிறது, அது ஹார்பர்ஃப்ரன்டில், விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில். என் கப்பல் நின்றது மெரினா பே குரூஸ் சென்டரில். இரண்டும் வெவ்வேறு இடம். ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் செந்தோசாத் தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி தண்ணீருக்கு மேலால் போகிறது, அதனால் உயரமான பெரிய கப்பல்கள் அங்கே போக முடியாது. அவை 2012இல் திறந்த மெரினா பேக்குத்தான் வரும். இன்னொரு குழப்பமும் உண்டு. மெரினா பே என்று மட்டும் சொன்னால் மூன்று கோபுர ஹோட்டல் இருக்கும் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். "மெரினா பே குரூஸ் சென்டர், மெரினா கோஸ்டல் டிரைவ்" என்று முழுதாக ஒரு கடதாசியில் எழுதிக் கையில் வைத்திருங்கள். ரயிலில் போனால் சிவப்புப் பாதையின் கடைசி நிலையம் மெரினா சவுத் பியர், அங்கிருந்து பெட்டி இழுத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் நடை. ஹார்பர்ஃப்ரன்டுக்கு ஊதாப் பாதையின் கடைசி நிலையம்.

மெரினா பேயில் இறங்கியபோது 4.35. உள்ளே பெரிய மண்டபம் வெறிச்சென்று கிடந்தது; வரிசைக்குக் கட்டும் நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு சீனப் பெண் மட்டும் இருந்தாள். நான் மூச்சு வாங்க பாஸ்போட்டை நீட்டினேன். அவள் முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள், கடைசிப் பக்கம் வரை போய் மறுபடி முதலில் இருந்து புரட்டினாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ் ஊழியர் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்: "மலேசியா விசா இருக்காங்கக்கா? இல்லாட்டி நீங்க ரெண்டு மணிக்கே வந்திருந்தாலும் ஏத்தியிருக்க மாட்டாங்க." அந்த இடத்திலேயே கால் தளர்ந்துவிட்டது. விமானம் பிந்தியதால் கப்பலை விட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, காசு கட்டிய நாளே அந்தக் கப்பல் இல்லாமல் போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

இதை நான் எப்படித் தவறவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் விழுவார்கள். தமிழில் இருக்கும் கப்பல் பயண வீடியோக்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்களுடையது, மிச்சம் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுடையது. சிங்கப்பூர் பாஸ்போட்காரருக்குப் பினாங்குக்கு விசா கிடையாது. இந்தியருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், எங்களுக்கு வேண்டாம். இலங்கைப் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூருக்குள் முன்கூட்டி விசா தேவையில்லை என்று பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மலேசியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும். இணையத்தில் ஈ-விசாவாக விண்ணப்பிக்கலாம். தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2025 மே முதல் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அதை இறங்கும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. பணம் கட்ட முதல் ஒரு தரம், கிளம்பும் வாரத்தில் ஒரு தரம் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் தளத்திலேயே பாருங்கள்.

"நான் பினாங்கில் இறங்க மாட்டேன், கப்பலிலேயே இருக்கிறேன்" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். அது நடக்காது. கப்பல் துறைமுகத்துக்குள் போகும்போது அதில் இருக்கும் எல்லாரும் அந்த நாட்டுக்குள் வருவதாகத்தான் கணக்கு, இறங்குகிறவர் இறங்காதவர் என்ற பிரிப்பு இல்லை. நடுவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் தரையில் இறக்கித்தான் ஆக வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போன பொறுப்பும் கம்பனியின் தலையில் விழும். அதனால் அவர்கள் மசிய மாட்டார்கள். மலேசிய ஈ-விசா பெரும்பாலும் ஒரு தடவை நுழைய மட்டும்தான். பாதை சிங்கப்பூர், போர்ட் கிளாங், புக்கெட், பினாங்கு என்று இருந்தால் மலேசியாவுக்குள் இரண்டு தரம் போகிறீர்கள். ஒரு விசா போதாது. பாதையைக் கடதாசியில் எழுதி, ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை தரம் நுழைகிறோம் என்று எண்ணுங்கள். அதன்பிறகு காசு கட்ட முதலே கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இலங்கைப் பாஸ்போட், இந்தக் கப்பல், இந்தத் திகதி, என்னென்ன விசா, கடல் வழியாகப் போக இந்த ஈ-விசாவை ஏற்பீர்களா. பதிலை அச்சடித்து வையுங்கள். தொலைபேசியில் கதைத்தது எதற்கும் உதவாது. விசா சிக்கலே வேண்டாம் என்றால், சில கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து போய் எந்த நாட்டிலும் நிற்காமல் இரண்டு மூன்று இரவில் திரும்பி வருகின்றன. முதல் தடவை போகிறவருக்கு அது மோசமில்லை.

அன்று மாலை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பினாங்குக்குப் பறந்து கப்பலைப் பிடிக்கலாமா என்ற யோசனையும் விசா இல்லாததால் செத்தது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட் ஐந்து நாள் கழித்து. ஹோட்டல் பதிவு இல்லை, சனிக்கிழமை விலை. கடைசியில் லிட்டில் இந்தியாவில் ஓர் அறை எடுத்தேன். ஜன்னலே இல்லாத அறை. அந்தப் பக்கத்து மலிவு அறைகள் பலவற்றுக்கு ஜன்னல் இருக்காது, பதிவு செய்யும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு 270 டொலர். டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற 62,000 ரூபாய். இரண்டு டாக்ஸிக்கும் 46 டொலர். கப்பலுக்குக் கட்டியது 1,050 டொலர். அறைகளின் விலை இரண்டு பேருக்கு என்று போடப்படுவது, தனியாகப் போனால் ஏறக்குறைய இருவர் காசையும் ஒருவரே கட்ட வேண்டும் என்பதால் அவ்வளவு. அதில் திரும்பி வந்தது 150 டொலர் மட்டும். அதுவும் கேட்டதால் வந்தது. கப்பலில் ஏறாதவருக்குப் பயணக் கட்டணம் திரும்பாது, ஆனால் துறைமுகக் கட்டணமும் வரியும் அநேகமாகத் திரும்பும். கம்பனி தானாகத் தராது, எழுதிக் கேட்க வேண்டும். எனக்கு ஆறு வாரம் எடுத்தது.

காப்புறுதி இருந்தது. ஆனால் ஏஜென்ட் டிக்கெட்டோடு சேர்த்துத் தந்தது நோய் வருத்தத்துக்கு மட்டும்தான். விமானம் பிந்திக் கப்பலைத் தவறவிட்டால் தருவது வேறு பிரிவு. "தவறிய இணைப்பு", "பயணத் தாமதம்" இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, கப்பல் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள். கப்பலில் டொக்டரைப் பார்த்தால் அதற்கும் டொலரில் தனிக் காசு என்பதால் மருத்துவப் பிரிவும் வேண்டும். விமானம் பிந்தினால் அந்த இடத்திலேயே கவுண்டரில் தாமதக் கடிதம் கேட்டு வாங்குங்கள். நான் ஒரு கிழமை கழித்துக் கேட்டேன், தர ஒரு மாதம் எடுத்தார்கள். விசா இல்லாமல் ஏற்ற மறுத்தால் எந்தக் காப்புறுதியும் ஒரு சதம் தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

சித்திரை லீவில் மறுபடி போனேன். காசு சேர்க்கக் கஷ்டப்பட்டேன்தான். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றதோடு விட மனம் வரவில்லை. இந்தத் தடவை செய்ததைச் சொல்கிறேன். முதலில் பாஸ்போட். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்; புறப்படும் நாளிலிருந்து எண்ணக் கூடாது. பெயர் அடுத்தது. எங்கள் பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் ஒரு வரியிலும் எங்கள் பெயர் "பிற பெயர்கள்" என்ற வரியிலும் இருக்கும். கப்பல் தளத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்பார்கள். பாஸ்போட்டின் முதல் வரியில் இருப்பதைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் போட வேண்டும், இனிஷியல் போடக் கூடாது, ஓர் எழுத்தும் மாறக் கூடாது. விமான டிக்கெட், விசா, கப்பல் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மலேசிய விசாவுக்கு ஒரு மாதம் முதலே விண்ணப்பித்தேன். வெள்ளைப் பின்னணிப் படம், போய்வரும் டிக்கெட், தங்குமிடத்துக்குப் பதிலாகக் கப்பல் பற்றுச்சீட்டு என்று வைத்தேன்.

விமானம் கப்பலுக்கு முதல்நாள் காலை இறங்குவதாக எடுத்தேன். சென்னை வழியாக, கோலாலம்பூர் வழியாக என்று மலிவு டிக்கெட்டுகள் கண்ணில் படும். இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரும், எங்களுக்கு இரண்டு இடத்துக்கும் விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனி பொறுப்பும் எடுக்காது. நேரடி விமானத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம், காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். அனுமதி முத்திரையாக இல்லாமல் மின்னஞ்சலில் வரும் என்பதால் முகவரியைப் பிழையில்லாமல் எழுதுங்கள். கப்பலில் சுற்றித் திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், அதற்கு இன்னொரு தரம் நிரப்ப வேண்டும். புகையிலை பழக்கம் உள்ளவர்கள் கவனம்: மெல்லும் புகையிலை, ஈ-சிகரெட் இரண்டும் அங்கே தடை, சாதாரண சிகரெட்டுக்கு ஒன்றில் இருந்தே வரி.

வங்கி அட்டையை ஊரிலேயே வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிட்டுப் போங்கள். அங்கே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தொடு அட்டையையே தட்டலாம், வெளிநாட்டு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 சதம் கூடுதலாக எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவுக்கு முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், கப்பல் முடிந்தும் அது பல நாள் உங்கள் கணக்கில் பூட்டுப்பட்டுக் கிடக்கும். கிரெடிட் கார்ட் கொடுங்கள், இல்லையென்றால் காசாகக் கட்டுங்கள்.

இந்தத் தடவையும் லிட்டில் இந்தியாவில்தான் தங்கினேன், ஆனால் வேண்டுமென்று. அங்கிருந்து ஊதாப் பாதையில் நேரே ஹார்பர்ஃப்ரன்ட். தோபி காட் நிலையத்தில் சிவப்புப் பாதைக்கு மாறினால் மெரினா சவுத் பியர். எந்தத் துறைமுகம் என்றாலும் கஷ்டமில்லை. காலையில் இறங்கினால் அறை பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும், பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுத் திரியலாம். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, தேக்கா சந்தையில் இடியப்பம் சாப்பிட்டேன். பிறகு, மறுநாள் போகவேண்டிய துறைமுகத்துக்கு வெறுங்கையோடு ஒரு தரம் ரயிலில் போய் வந்தேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வாசல் எங்கே, மழை பெய்தால் எந்தப் பக்கத்தால் நடப்பது என்று பார்த்து வைத்தது பெரிய நிம்மதி.

பெட்டிக்குக் கட்டும் அட்டையைக் கம்பனி இணையத்தில் தரும். அதை ஊரில் வைத்தே அச்சடித்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, மேலே தெளிவான டேப் சுற்றுங்கள். கடதாசி மட்டும் என்றால் கிழியும். பெரிய பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், அறைக்கு வரப் பின்னேரம் ஆகும். ஆகவே பாஸ்போட், விசா அச்சு, மருந்து, சார்ஜர், மாற்றுடுப்பு ஒன்று எல்லாம் கைப்பைக்குள். பாஸ்போட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு மேசையில் நின்று தவித்த ஒரு குடும்பத்தை நான் கண்டேன். அவர்களுடைய பெட்டியைத் தேடி எடுக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அயன், ரைஸ்குக்கர், கேத்தல், வீட்டில் சமைத்த சாப்பாடு ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். கர்ப்பிணிகளைப் பயண முடிவில் 24 வாரம் தொட்டிருந்தால் ஏற்ற மாட்டார்கள். கப்பல் கயிறு அவிழ்க்க முதலே போனை "எயார்பிளேன் மோட்" நிலைக்கு மாற்றுங்கள், நடுக்கடலில் கப்பலின் செல்போன் வலையமைப்பைப் பிடித்தால் பில் தாங்காது. புக்கெட்டில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. போன் அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் மாறாமல் இருக்கலாம். கரையில் இறங்க முதல் அறைக்குள் தரும் தாளில் "கப்பல் நேரம்" என்ன என்று பார்த்துச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பதிவு மேசையில் இருந்தது வேறொரு பெண். பாஸ்போட்டோடு மலேசிய விசா அச்சையும் முன்னுக்கே நீட்டினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அப்போது நேரம் 12.40, கப்பல் 5 மணிக்கு.